ஒரு பென்னியும் ஒரு பிடி அரிசியும்

செருப்பு வாங்கத்தான் வந்தேன் என்று சொன்னால் நார்தாம்ப்டனில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பல நூறு வருஷமாக அந்த ஊருக்குச் சோறு போட்டது தோலும் நூலும்தான். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் கிராம்வெல் தரப்புப் படைக்குக் காலணி தைத்துக் கொடுத்த ஊர் அது. ஊர் அருங்காட்சியகத்தில் காலணிகளுக்கென்றே பெரிய பகுதி இருக்கிறது. உள்ளூர்க் கால்பந்து அணியின் செல்லப்பெயர் ‘தி காப்ளர்ஸ்’. செருப்புத் தைக்கிறவர்கள் என்று அர்த்தம். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு பையன்கள் குதித்துக்கொண்டு போனார்கள். நம் பக்கத்தில் ஒரு விளையாட்டு அணிக்கு இப்படிப் பெயர் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

நான் போக வேண்டியது ஊருக்கு வடக்கே நாலைந்து மைல் தள்ளியிருக்கும் மோல்ட்டன் கிராமம். அங்கே ஒரு சின்னத் தேவாலயம், அதை ஒட்டி ஒரு சின்ன வீடு. 1785 முதல் 1789 வரை ஒரு செருப்புத் தைப்பவர் அந்த வீட்டில் குடியிருந்தார்; அந்தத் தேவாலயத்தில் போதகராக இருந்தார். பிற்பாடு வங்காளத்துக்குப் போய், வங்க மொழி உரைநடையின் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். வில்லியம் கேரி.

பஸ் ஏற்றம் ஏறி இறங்கி மோல்ட்டனுக்குள் நுழைந்தது. பழைய வீடுகள் எல்லாம் அந்த வட்டாரத்து இரும்புச் சத்துள்ள கல்லால் ஆனவை. கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் நடுவே ஒரு நிறம். வெயில் பட்டால் கொஞ்சம் இளகுவதுபோல் இருக்கிறது. ஊர் நடுவில் கோபுரத்தோடு நிற்பது பேதுரு, பவுல் பெயரிலான அரசுத் திருச்சபைக் கோவில். நான் தேடி வந்தது அதுவல்ல. மேற்குத் தெருவில் நடந்தால் கோபுரமோ ஆரவாரமோ இல்லாமல், தெருவோடு தெருவாக நிற்கிறது கேரி பாப்டிஸ்ட் தேவாலயம். தெரியாமல் போனால் தாண்டிப் போய்விடலாம்.

அப்படி அடங்கி நிற்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்குக் கிறிஸ்தவர்களில் இரண்டு வகை தெரியும். தண்ணீர் தெளிக்கிறவர்கள், முங்கி எடுக்கிறவர்கள். எங்கள் வீடு முதல் வகை. கைக்குழந்தையைத் தூக்கிப்போய், ஐயர் கையால் நெற்றியில் மூன்று முறை தண்ணீர் பட்டால் முடிந்தது. முங்கி எடுக்கிறவர்களோ, புத்தி தெரிந்த ஆள் தானாக விசுவாசத்தைச் சொல்லித் தண்ணீரில் இறங்கினால்தான் ஞானஸ்நானம் என்பார்கள். பாப்டிஸ்ட் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். இன்று கேட்க இது சடங்கு பற்றிய சின்ன விவாதம் மாதிரி இருக்கும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது அரசுக்கு எதிரான பேச்சு. பிறந்த குழந்தையெல்லாம் அரசனின் திருச்சபைக்குள் பிறக்கிறது என்பது சட்டம். இல்லை, வளர்ந்த பிறகு அவரவர் முடிவு செய்வார்கள் என்று சொன்னால், அரசனுக்கும் மனசாட்சிக்கும் நடுவே கோடு போட்டது மாதிரி.

1664இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடி அரசுத் திருச்சபை முறைக்கு மாறாக ஆராதனை நடத்தினால் தண்டனை. மறு வருஷம் இன்னொன்று. பிரிந்துபோன போதகர்கள் தாங்கள் ஊழியம் செய்த ஊருக்கு ஐந்து மைலுக்குள் தலைகாட்டக் கூடாது. பக்கத்து மாவட்டமான பெட்ஃபோர்டில் ஜான் பன்யன் 12 வருஷம் சிறையில் கிடந்தது இந்தக் காலத்தில்தான். அவர் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ நம் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ அதைத் தழுவி எழுந்த காவியம். 1689இல் சகிப்புச் சட்டம் வந்து சிறைக் கதவு திறந்தது. ஆனாலும் இந்தச் சபையாருக்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டம் கிடையாது. அரசுப் பதவிகளுக்கான தடை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்க 1828 ஆயிற்று. அதனால் அவர்கள் ஆலயம் கட்டினால் தெருவுக்கு உறுத்தாமல் கட்டினார்கள்.

கதவைத் திறந்துவிட்டவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். சபையின் உறுப்பினர். கழுத்தில் சாவிக்கொத்து.

“இந்தியாவா? வங்காளமா?” என்றார்.

“இல்லை, தெற்கே. தமிழ்நாடு.”

“அங்கே கேரியைத் தெரியுமா?”

உண்மையைச் சொன்னேன். சபைக்காரர்களுக்குப் பெயர் தெரியும். ஆனால் எங்களுக்கு முதல் ஆள் சீகன்பால்கு. கேரி பிறப்பதற்கு 55 வருஷத்துக்கு முன்னாலேயே, 1706இல், தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அந்தப் பெயரும் இந்த வீட்டில் இருந்திருக்கிறது, வாருங்கள்” என்று முன்னால் நடந்தார்.

வீடு என்று சொல்வது மரியாதைக்கு. சில அறைகள்; கையை நீட்டினால் சுவர். அங்கே இன்றைக்கும் இருக்கிறது கேரி தோல் ஊறப்போட்ட கல்தொட்டி. நான் குனிந்து பார்த்தேன். நம் வீட்டுப் பின்கட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டி மாதிரிதான், அதைவிடச் சின்னது. விளிம்பு மழுங்கியிருக்கிறது. செருப்புத் தைக்கிறவனுக்கு முதல் வேலை தண்ணீரில்தான். காய்ந்த தோல் விறைத்துக்கொண்டு நிற்கும், ஊசி இறங்காது. ஊறினால்தான் வளையும், வடிவத்துக்கு வரும், காய்ந்த பிறகு அந்த வடிவத்தை விடாது. வாரத்தில் ஆறு நாள் இந்தத் தொட்டியில் தோலை முக்கியவர் ஏழாம் நாள் பக்கத்துக் கட்டடத்தில் மனிதர்களை முக்கி எடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்பதைச் சிரிக்காமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். அம்மையாரும் சிரித்துவிட்டார்.

கேரி பிறந்தது 1761இல், இதே மாவட்டத்தின் பாலர்ஸ்பரி கிராமத்தில். தகப்பனார் நெசவாளி, பிறகு ஊர்ப் பள்ளி வாத்தியார். பையனுக்கு வெயில் ஆகவில்லை, தோல் வெந்துவிடும். அதனால் வயல் வேலைக்குப் போகாமல் பிடிங்டனில் செருப்புத் தொழில் கற்க அனுப்பினார்கள். அங்கே கூட வேலை பார்த்த ஒரு பையன் பிரிந்த சபையைச் சேர்ந்தவன். தைத்துக்கொண்டே இருவரும் வாதாடினார்கள். கேரிக்கு வாதத்தில் ஜெயிக்கப் பிடிக்கும். ஜெயித்துவிட்டு ராத்திரியில் தூக்கம் வராமல் கிடப்பார். 1783 அக்டோபர் 5 அதிகாலையில் நார்தாம்ப்டனில் நென் ஆற்றில் முழுக்கு எடுத்தார். முழுக்குக் கொடுத்த ஜான் ரைலண்டுக்கு அன்று அவர் ஓர் ஏழைச் செருப்புத் தொழிலாளி, அவ்வளவே.

1785இல் மோல்ட்டனுக்கு வந்தபோது இங்கிருந்த பாப்டிஸ்ட் சபை நலிந்து கிடந்தது. நெடுநாளாகப் போதகர் இல்லை. கட்டடமும் பழுது. பாப்டிஸ்ட் முறையில் பிஷப் கிடையாது. மேலிருந்து யாரும் ஆள் அனுப்ப மாட்டார்கள். போதகரைத் தேடுவது, அழைப்பது, சம்பளம் பேசுவது, கூரைக்கு ஓடு வாங்குவது எல்லாம் சபை கூடி எடுக்கும் முடிவு. நிறைவேறியதோ இல்லையோ, சபைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். அப்படிக் கூடித்தான் பள்ளிக்கூடம் நடத்த வந்திருந்த இந்த இளைஞரை அழைத்தார்கள். 1787இல் அவர் முறைப்படி போதகரானார். கட்டடத்தைச் சரிசெய்து பெரிதாக்க, பக்கத்து ஊர்ச் சபைகளிடம் நிதி கேட்டு விண்ணப்பம் போனது.

சம்பளம்? சபையால் திரட்ட முடிந்தது வருஷத்துக்கு 10 பவுனும் சொச்சமும். லண்டன் பாப்டிஸ்ட் நிதியிலிருந்து இன்னும் 5 பவுன். மனைவி, அடுத்தடுத்துக் குழந்தைகள். பள்ளிக்கூட வரும்படி நிலையில்லை. ஆகவே மறுபடியும் ஊசியை எடுத்தார். தைத்த ஜோடிகளைப் பையில் போட்டுக்கொண்டு பத்து மைல் போல நடந்து கெட்டரிங்கில் தாமஸ் காட்ச் என்ற காலணி வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, தோலை வாங்கிக்கொண்டு திரும்புவார். வழியெல்லாம் கையில் லத்தீனோ எபிரேயமோ. ஒருநாள் காட்ச் கேட்டாராம், வாரத்துக்கு என்ன சம்பாதிக்கிறீர் என்று. பத்து ஷில்லிங் போல என்றார் கேரி. இனிமேல் என் தோலைக் கெடுக்க வேண்டாம், அந்தப் பணத்தை நானே தருகிறேன், போய்ப் படியும் என்று சொல்லிவிட்டார் காட்ச். கேரி தைத்த செருப்பின் தரத்தைப் பற்றிக் கிடைக்கும் ஒரே நேர்மையான விமர்சனம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. கடையில் வாங்கியதில்லை. பல தாள்களைப் பசை போட்டு ஒட்டி, பேனாவால் அவரே வரைந்தது. கெட்டரிங்கின் போதகரும் நண்பருமான ஆண்ட்ரூ ஃபுல்லர் அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தேசத்துக்கும் ஓர் இடம்; அங்கே எத்தனை பேர், என்ன மதம், படித்ததெல்லாம் அந்தந்த இடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. கேப்டன் குக்கின் கடற்பயண நூல்தான் கேரியின் தலையில் இந்தப் பித்தை ஏற்றியது. செருப்பு தைக்கும் கை தைத்துக்கொண்டிருக்க, கண் எதிரே தாஹித்தித் தீவு.

அந்தக் குறிப்புகள் 1792இல் லெஸ்டர் நகரில் 87 பக்கப் புத்தகமாக வெளிவந்தன. விலை 1 ஷில்லிங் 6 பென்னி. கிறிஸ்தவர்கள் உலகுக்குச் சுவிசேஷம் சொல்லக் கடமைப்பட்டவர்களா என்பதை ஆராயும் நூல். ஆனால் அதன் பெரும்பகுதி பிரசங்கமில்லை, அட்டவணை. தேசம், நீளம், அகலம், ஜனத்தொகை, மதம். உலக மக்கள் 73 கோடியே 10 லட்சம் என்று கூட்டிப் போட்டிருக்கிறார். இலங்கைக்கும் ஒரு வரி உண்டு. அம்மையார் சொன்ன பெயரும் அதில்தான் இருக்கிறது. முன்னால் போனவர்களின் கதையைச் சொல்லும்போது, 1706இல் டென்மார்க் அரசர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார் என்று எழுதுகிறார் கேரி. கடலையே பார்க்க முடியாத இந்த நடு இங்கிலாந்துக் கிராமத்தில், தோல் நாற்றத்துக்கு நடுவே, தரங்கம்பாடி என்ற சொல் ஒலித்திருக்கிறது. நான் அந்த அறையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

புத்தகத்தின் கடைசிப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இத்தனை பெரிய காரியத்துக்குப் பணம்? பிரபுக்களை நம்பவில்லை அவர். சபையார் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பென்னி, முடிந்தால் கூடுதலாக. அது சேர்ந்தால் போதும். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைப் பலர் விட்டுவிட்டார்களே, அது அடிமைகளின் உழைப்பில் விளைகிறது என்று. அப்படி விட்ட குடும்பங்களுக்கு வாரம் 6 பென்னி முதல் ஒரு ஷில்லிங் வரை மிச்சம். அந்த மிச்சத்தைக் கொடுக்கலாமே என்கிறார்.

எனக்கு என் ஆச்சியின் அடுக்களை ஞாபகம் வந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. பஞ்சமான மாதத்திலும் அந்தக் கை மறக்காது. பிடி வேண்டுமானால் கொஞ்சம் இறுகும். வாரக் கடைசியில் அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஏலம் போட்டு உபதேசியார் சம்பளத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் சரிக்கட்டுவார்கள். மோல்ட்டன் பென்னியும் ஆச்சியின் பிடியும் ஒரே கணக்கு. பெரிய தொகையை ஒரு தடவை கொடுக்க முடியாதவர்கள், சின்னத் தொகையை நிறுத்தாமல் கொடுக்கிற கணக்கு. வருஷம் பத்துப் பவுன் திரட்டத் திண்டாடிய ஒரு சபையில் இருந்த ஆளுக்குத்தான் இது தோன்றும். பெரிய கதீட்ரலில் இருந்தவருக்குத் தோன்றியிருக்காது.

மறுநாள் கெட்டரிங் போனேன். 1792 அக்டோபர் 2 அன்று அங்கே ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் 14 பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் ஆரம்பம் அதுதான். தருவதாக எழுதிக்கொடுத்த சீட்டுகளை ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில் சேர்த்தார்கள். மொத்தம் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்னி. இதற்கு முன் ஒரு போதகர் கூட்டத்தில் கேரி இந்தப் பேச்சை எடுத்தபோது, கேரிக்கு முழுக்குக் கொடுத்தவரின் தகப்பனாரான முதிய ரைலண்டு, கடவுள் செய்ய நினைத்தால் உன் உதவி தேவையில்லை, உட்கார் என்று அதட்டியதாக ஒரு கதை நடமாடுகிறது. அவர் மகனே அதை நம்பவில்லை. ஆனால் மூக்குப்பொடி டப்பாவைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

பின்கதை பலருக்கும் தெரியும். 1793 ஜூனில் ஒரு டேனியக் கப்பலில் ஏறி நவம்பரில் கல்கத்தா சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டால் ஆகாது. அதனால் 1800இல் டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூரில் நண்பர்கள் மார்ஷ்மன், வார்டோடு குடியேறினார். தரங்கம்பாடிக்கும் செராம்பூருக்கும் ஒரே ராஜா. 1845இல் இரண்டையும் கம்பெனிக்கு விற்றார்கள். செராம்பூர் அச்சகத்தில் தமிழ் எழுத்துகளும் இருந்தன. 1812 மார்ச் 11 அன்று அச்சகம் தீப்பற்றி எரிந்தபோது பல மொழி எழுத்துகளோடு தமிழ் எழுத்தும் உருகி ஓடியது. சாம்பலில் கிடைத்த எஃகு அச்சுகளை வைத்து மறுபடி வார்த்தார்கள்.

எடின்பரோவில் ஒரு பத்திரிகை இவர்களை அபிஷேகம் பெற்ற செருப்புத் தைப்பவர்கள் என்று கிண்டல் செய்தது. ஒரு விருந்தில் யாரோ, கேரி முன்பு காலணி செய்கிறவராமே என்று குத்தலாகக் கேட்க, இல்லை, பழைய செருப்பைத் தைத்துக் கொடுக்கிறவன்தான் என்று அவரே ஒரு படி இறக்கிச் சொன்னாராம். தோலைத் தொட்டவன் என்ற சொல்லுக்கு நம் மண்ணில் இருக்கும் கனம் இங்கிலாந்தில் இல்லை. அங்கே அது ஏழைத் தொழில், இங்கே அது பிறப்பு. ஆனாலும் அந்தத் தொட்டியைப் பார்த்த பிறகு ஒன்றைச் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. செராம்பூரில் முதல் ஆளாகச் சேர்ந்த தச்சர் கிருஷ்ண பால், முழுக்குக்கு ஆறு நாள் முன்னால் மிஷனரிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார். பந்திதான் முதலில், தண்ணீர் பிறகு. 1800 டிசம்பர் 28 அன்று ஹூக்ளி ஆற்றில் அவரும் இன்னொருவரும் முங்கி எழுந்தார்கள். அந்த இன்னொருவர் கேரியின் மூத்த மகன் ஃபெலிக்ஸ். மோல்ட்டனில் பிறந்த பிள்ளை.

அன்றைக்குக் கரைக்கு வராதவள் ஒருத்தி. ஃபெலிக்ஸின் தாய் டாரதி.

பிடிங்டன் கோவில் பதிவேட்டில் 1781 ஜூன் 10 தேதியிட்ட கல்யாணப் பதிவில் கேரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். டாரதி போட்டது ஒரு சிலுவைக் குறி. எழுதப் படிக்கத் தெரியாது. பிடிங்டனில் இரண்டு வயதுகூட நிரம்பாத முதல் மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாள். மோல்ட்டனில் இந்த அறைகளில்தான் அடுத்த பிள்ளைகளை வளர்த்தாள். இங்கேயே 1787இல் முழுக்கும் எடுத்தாள். இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தாள். நிறைமாதம். குழந்தை பிறந்த பிறகு மறுபடி வற்புறுத்தியபோது, தங்கை துணைக்கு வந்தால் வருகிறேன் என்று கிளம்பினாள். மறு வருஷம் வங்காளத்தில் ஐந்து வயது பீட்டர் செத்துப்போனான். அதன் பிறகு அவள் மனம் நிலைக்குத் திரும்பவில்லை. ஹூக்ளிக் கரையில் பாட்டும் ஜெபமும் நடந்த அன்று டாரதி ஓர் அறையில் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். 1807 டிசம்பரில் இறந்தாள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன். ஆனால் அந்தச் சின்ன வீட்டில் நின்றபோது கணக்கு வேறு மாதிரி விழுந்தது. சுவரில் உலகத்தையே வரைந்து தொங்கவிட்ட அறையில், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அவள் எங்கே நின்றிருப்பாள்? பென்னிகளுக்குப் பதிவு இருக்கிறது. 13 பவுனுக்கும் 2 ஷில்லிங்குக்கும் 6 பென்னிக்கும் பதிவு இருக்கிறது. அவள் கொடுத்ததை எந்தப் பத்தியில் ஏற்றுவது?

கேரி 1789இல் மோல்ட்டனை விட்டு லெஸ்டர் சபைக்குப் போனார். மோல்ட்டன் சபை அடுத்த போதகரைத் தேடப் போயிற்று. நான்கு வருஷம் இருந்தவரின் பெயர் பலகையில் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேலாக ஞாயிறுதோறும் கதவைத் திறந்தவர்களின் பெயர் இல்லை. அதில் அவர்களுக்கு வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை.

கிளம்பும்போது அம்மையார் கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் சபைக் கூட்டம் என்றார். “தேநீர்ச் செலவுக்குக்கூட இங்கே கை தூக்கித்தான் முடிவு” என்று சிரித்தார். “உங்கள் பாட்டி சபையிலும் இப்படித்தானா?”

ஆச்சி எந்தக் கூட்டத்திலும் கை தூக்கியதில்லை. பிடியரிசிக் கணக்கை எழுதியவர்கள் ஆண்கள். அவள் பெயர் அதில் தாத்தாவின் பெயருக்குக் கீழே ‘குடும்பம்’ என்று இருக்கும். அவளும் கைநாட்டுத்தான்.

“இல்லை” என்றேன். பஸ் வரும் சத்தம் கேட்டது.